பொத்தான் வைத்த மீன்வலை

நகராட்சிச் சந்தையின் மீன் வரிசையில், பதினேழாம் எண் கடையின் நெற்றியில் ஒரு நீலத் தகரப் பலகை உண்டு. அதில் வெள்ளை எழுத்தில் இப்படி இருக்கும்: "மீன்பிடி வலை தயாரித்தல். உரிமையாளர் நீர்சார் தொழிலில் முன்அனுபவம் உடையவர்."

உரிமையாளருக்கு நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்ததில்லை. மீன் சாப்பிட மாட்டார். அதற்குக் கொள்கை எதுவும் காரணம் இல்லை, செத்த பிறகும் அது கண்ணைத் திறந்துகொண்டு தன்னையே பார்க்கிறது என்பதுதான் காரணம். நீரோடு அவருக்கு இருந்த முன்அனுபவம் துணி துவைப்பதோடு சரி.

அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து அவர் செய்துகொண்டிருந்தது குரோஷே. நுனி வளைந்த ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரு நூலுருண்டை. நூலை வளைத்து, வளைவுக்குள் ஊசியை விட்டு, அடுத்த வளைவை இழுத்து, கண்ணிமேல் கண்ணியாகப் போட்டுக்கொண்டே போனால் கைக்குழந்தைக்கு ஒரு சட்டை வரும், தொப்பி வரும், காலுறை வரும். சந்தையில் அவருக்குக் கொக்கியக்கா என்று பெயர். அவரைவிட வயதில் மூத்தவர்களில் பலரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் பெருந்தன்மையாக அதை ஏற்றுக்கொண்டிருந்தார்.

நீலப் பலகை வந்தது இப்படி. கடை கேட்டுப் போனபோது நகராட்சி குமாஸ்தா கேட்டார்: "என்ன தொழில்?"

"நூல் வேலைங்க."

"தறி இருக்கா?"

"இல்லைங்க."

"தையல் மிஷின்?"

"இல்லைங்க."

"தறியும் இல்ல, மிஷினும் இல்ல, அப்புறம் நூலை வெச்சுக்கிட்டு என்னதான் பண்றீங்க?"

"ஊசியால பின்னுவேங்க. ஓட்டை ஓட்டையா அழகா வரும்."

குமாஸ்தா முகம் தெளிந்தது. "ஓட்டை ஓட்டையா வந்தா அது வலை" என்று சொல்லி எழுதிவிட்டார். வலை என்றால் மீன் வரிசை. மீன் வரிசையில் ஒரு கடை காலி. முன்அனுபவம் என்ற வரியை அவரே தன் செலவில் சேர்த்தார், நல்ல மனிதர். கொக்கியக்கா ஒரு நிமிடம் யோசித்தார். மறுத்தால் கடை போய்விடும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

அந்தக் கடை அவருக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று வெளிச்சம். அவர் வீடு ஒரு நீண்ட கட்டடத்தின் பின்பக்கத்தில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய். பட்டப்பகலில் கறுப்பு நூலைப் பின்னினால் எந்தக் கண்ணிக்குள் ஊசி போகிறது என்று ஊசிக்கே தெரியாது. கடையிலோ காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிச்சம் வஞ்சனையில்லாமல் கொட்டும்.

இரண்டாவது காரணம் ஒரு முதலாளி. கடை கிடைப்பதற்கு முன் கொக்கியக்கா ஒரு பெரிய ஆயத்த ஆடைக் கடைக்குப் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த முதலாளிக்கு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சட்டையின் கடைசிக் கண்ணியில் நூலை இழுத்து முடிச்சுப் போட்டு, ஒட்ட நறுக்கித் தரச் சொல்லி, வெள்ளைத் துண்டுத் துணியில் தன் கடைப் பெயரைத் தைத்துவிடுவார். குழந்தை ஒரு சாண் வளர்ந்ததும் சட்டை குப்பைக்குப் போகும், தாய் புதுச் சட்டைக்கு வருவாள். வியாபாரம் என்ற முறையில் இதில் குற்றமே சொல்ல முடியாது. கொக்கியக்காவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. தாம் போட்ட கண்ணியின் கழுத்தைத் தாமே நெரிப்பதுபோல இருக்கிறது என்று வீட்டில் சொன்னார்.

அவர் வீட்டுக்காரர் தையற்காரர், சீருடை தைக்கும் பட்டறையில் வேலை. முடிப்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"முடிச்சாத்தான் அது துணி. முடிக்கலைன்னா அது வெறும் ஆசை" என்பார்.

"உங்க கத்தரி வெட்டினா வெட்டினதுதான். அழுதாலும் ஒட்டாது. என்னோடது அப்படியா? பிரிச்சா மறுபடி நூல், பின்னினா மறுபடி சட்டை."

"அதைத்தான் நானும் சொல்றேன். உன் சட்டையைப் போட்டுக்கிட்டு எவன் தைரியமா தெருவுல நடப்பான்?"

இந்த வாக்குவாதம் அவர்கள் கல்யாணம் ஆன வாரத்தில் தொடங்கியது. இருவரும் அதை முடிக்க விரும்பவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மனைவியின் கட்சிதான் ஜெயித்தது என்று சொல்ல வேண்டும்.

கொக்கியக்கா குரோஷே கற்றுக்கொண்ட விதமும் இந்தக் கட்சிக்கு ஏற்றதுதான். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சிறு பெண்ணாக இருந்தபோது எதிர்வீட்டில் மேசை விரிப்பு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொட்டார். இழுத்தார். பட்டுப்போல வந்தது. நல்லவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். அவர் மூலையிலிருந்த முழு ரோஜாவையும் இழுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். எதிர்வீட்டு அத்தை அடிக்கவில்லை. ஊசியைக் கையில் கொடுத்து, "எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிட்டு வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மீதமிருந்த மூன்று ரோஜாக்களையும் உற்று உற்றுப் பார்த்து, அந்த விடுமுறை முழுக்க உட்கார்ந்து, அவர் நாலாவதை வைத்தார். அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தை அந்த மூலையை வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

தனிக்கடை வந்ததும் கொக்கியக்கா முதலில் செய்த காரியம், முடிச்சுப் போடுவதை நிறுத்தியது. சட்டையைக் கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னுவார். அகலத்தில் ஆரம்பத்திலேயே தாராளம். கீழ் ஓரத்துக்கோ கை நுனிக்கோ வந்து சேர்ந்ததும் கடைசிக் கண்ணியை முடிக்காமல், பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தானைத் தைத்து, கண்ணியை அதில் மாட்டிவிடுவார். மீதி நூலைச் சுருட்டி உள்பக்கம் செருகிவிடுவார். பொத்தான்கள் வீட்டுக்காரர் பட்டறையில் உதிர்ந்தவை, ஜோடி இல்லாதவை. குழந்தை வளர்ந்ததும் தாய் சட்டையைக் கொண்டுவருவாள். பொத்தானிலிருந்து கண்ணியைக் கழற்றி, ஊசியில் ஏற்றி, இரண்டு வரிசையோ நாலு வரிசையோ கூட்டிக் கொடுப்பார். வளர்த்த அளவுக்குக் கூலி. ஒரே சட்டையில் ஐந்து நிறப் பட்டைகளோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் உண்டு. மரத்தில் வளையம் பார்த்து வயசு சொல்வதுபோல, பட்டையை எண்ணி எந்த வகுப்பு என்று சொல்லிவிடலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல், பொத்தானை யார் வேண்டுமானாலும் கழற்றலாம் என்பது. ஒரு பெண்குழந்தை பின்பெஞ்சில் இருந்த சிநேகிதியிடம் சட்டையின் வலது கையை ஒப்படைத்துவிட்டுப் பாடம் கவனித்தது. சாயங்காலம் ஒரு கைச் சட்டையோடும் ஒரு பை நூலோடும் கடைக்கு வந்தது. கொக்கியக்கா சிரித்த சிரிப்பில் நாலு கடை தள்ளி ஒருவர் தராசைத் தப்பாகப் பிடித்தார். அவர் சிரிப்பு அப்படி. வருத்தம் வந்தால்கூட முதலில் சிரிப்புதான் வெளியே வரும், வருத்தம் பின்னால் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும்.

மீன் வரிசையில் ஒரு குழந்தைத் துணிக் கடை என்பது கேட்பதற்குத்தான் வினோதம். மீன் வாங்க வராத வீடு குறைவு. வருகிறவர் கண்ணில் அந்தச் சின்னச் சட்டைகள் பட்டே தீரும். எல்லாத் துணியையும் சோப்பில் அலசி, எலுமிச்சைத் தோல் போட்ட தண்ணீரில் முக்கி எடுத்தாலும் ஏதோ ஒரு வாசனை தங்கிவிடும். மனிதர்களுக்குத் தெரியாது. பூனைகளுக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் கைக்குழந்தைகள் மேல் பூனைகளுக்கு இருந்த பாசத்தைப் பார்த்துப் பலர் நெகிழ்ந்திருக்கிறார்கள்.

பக்கத்துக் கடை மீன்காரம்மாவுடையது. உயிர்மீன் விற்பவர். கடை முன்னால் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் வாடிக்கையாளர் விரலை நீட்டிக் காட்டும் மீனை அள்ளிக் கொடுப்பார். அவர் தொட்டியில் மீன் துள்ளும்போதெல்லாம் கொக்கியக்கா இந்தப் பக்கம் நாற்காலியோடு துள்ளுவார்.

"ஏன் கொக்கி, அது தொட்டிக்குள்ளதானே இருக்கு? உன் மடியிலயா வந்து உக்காரப் போகுது?"

"அது என்னையே பார்க்குதுக்கா."

"உன்னை எதுக்குப் பார்க்கணும்? உன் பலகையைப் படிக்குது. வலைக்காரின்னு எழுதியிருக்கில்ல, பயந்து போய்ப் பார்க்குது."

இப்படியாக நீலப் பலகை பல வருஷம் ஒரு பெரிய நகைச்சுவையாக மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு, அதை நம்பும் ஒரு மனிதர் வந்தார்.

புதிதாக வந்த சந்தை மேற்பார்வையாளர் நேர்மையானவர். வாங்கமாட்டார், அதட்டமாட்டார், குரலைக்கூட உயர்த்தமாட்டார். எல்லாப் பலகைகளையும் தலையைத் தூக்கி வாய்விட்டுப் படித்துக்கொண்டு நடப்பார். வந்த மாதத்திலேயே அவருக்குப் பலகையார் என்று பெயர் விழுந்தது. பலகையில் எழுதிய தொழில் கடையில் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் பூட்டு. "விறகு" என்ற பலகையின் கீழே கேஸ் அடுப்பு விற்றவருக்குப் பூட்டு. "மண்பாண்டம்" என்ற பலகையின் கீழே பிளாஸ்டிக் வாளி விற்றவருக்குப் பூட்டு. இருவரிடமும் பூட்டியபின் கைகூப்பி வருத்தம் தெரிவித்தார். அந்த மரியாதைதான் எல்லோரையும் கலங்கடித்தது. திட்டுகிற அதிகாரியிடம் கெஞ்சலாம். வருத்தப்படுகிறவரை என்ன செய்வது?

பதினேழாம் கடைக்கு முன்னால் வந்து நின்று அவர் மேலே படித்தார். கீழே பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சைத் தொப்பிகளைப் பார்த்தார். மறுபடி மேலே படித்தார்.

"வலை எங்கம்மா?"

"பலகையை மாத்திக்கலாமா சார்?" என்று கொக்கியக்கா கேட்டார். கேட்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"மாத்தலாம்மா. ஆனா இது மீன் வரிசை. மீனோட சம்பந்தம் இல்லாத தொழில்னா கடையை ஒப்படைச்சிடணும். துணி வரிசையில இடம் கேட்டு எழுதிக் கொடுங்க. உங்களுக்கு முன்னால காத்திருக்கிறவங்க நிறைய. வரும்."

"எப்போ சார் வரும்?"

பலகையார் பொய் சொல்லத் தெரியாதவர். வருத்தமாகக் கைகூப்பினார்.

கொக்கியக்கா கண்முன் அந்த ஒற்றை ஜன்னலும் தண்ணீர்க் குழாயும் வந்து நின்றன. கூடவே வெள்ளைத் துண்டுத் துணியோடு பழைய முதலாளி. வீட்டுக்காரரின் பட்டறையை வேறு போன வருஷம் மூடிவிட்டார்கள். அவர் இப்போது கடையின் மூலையில் ஸ்டூல் போட்டுப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வீடு நடப்பது இந்த ஒரு ஊசியால்.

"யார் சார் சொன்னது வலை பின்னலைன்னு?" என்றது கொக்கியக்காவின் வாய், அவரைக் கேட்காமலே. "கேட்டாப் பின்னுவேன். யாரும் கேக்கல, அதான் இல்ல."

பலகையார் முகம் மலர்ந்தது. அவருக்கும் பூட்டுப் போட ஆசையில்லை. "ரொம்ப சந்தோஷம்மா. வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று கைகூப்பிவிட்டு அடுத்த பலகையைப் படிக்கப் போனார்.

ஸ்டூலில் இருந்த வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "உனக்கு வலை பின்னத் தெரியுமா?"

"ஓட்டை ஓட்டையா வந்தா வலை. குமாஸ்தாவே சொல்லியிருக்காரு."

மீன்காரம்மா தமக்கு மீன் கொண்டுவருகிறவர்களிடம் சொல்லி ஒரு கிழிந்த வலையை வரவழைத்தார். வீட்டுக்காரர் அதை மடியில் விரித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆராய்ந்தார். "இங்க பாரு. ஒவ்வொரு கண்ணுக்கும் நாலு மூலையிலயும் முடிச்சு. ஒரு இடம் கிழிஞ்சாலும் மத்தது நிக்கும்." முடிச்சைக் கண்ட மகிழ்ச்சி அவர் குரலில் ததும்பியது.

"இவ்வளவு முடிச்சா? பின்னினவனுக்கு மீன் மேலயும் நம்பிக்கை இல்ல, நூல் மேலயும் நம்பிக்கை இல்ல."

"வலைன்னா அப்படித்தான் இருக்கும் போல."

"நான் என் மாதிரி பின்றேன். தூரத்துல நின்னு பார்த்தா ஒரே மாதிரிதான் தெரியும்."

வழவழப்பான நைலான் நூல் வாங்கினார். சங்கிலிபோல நீளமாகக் கண்ணி போட்டு, வளைத்துக் கொண்டுபோய் முந்தின வரிசையில் மாட்டி, மறுபடி சங்கிலி. கண் கண்ணாக வலை வளர்ந்தது. குழந்தைச் சட்டைகளை ஓரம் கட்டிவிட்டு இரண்டு பேரும் அதிலேயே கிடந்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் முடிந்தது. வரிசையே வந்து பார்த்தது. அழகான வலை. அழகுதான் கொஞ்சம் கூடிவிட்டது. ஓரம் மொட்டையாக நிற்பதைக் கொக்கியக்காவின் கை பொறுக்கவில்லை, சுற்றிலும் சிப்பி வடிவில் அலை அலையாக ஒரு கரை கட்டியிருந்தார்.

மீன்காரம்மா மூக்கின்மேல் விரல் வைத்தார். "அடியே, இதுல மீன் மாட்டாது. தலையணை எடுத்துக்கிட்டு வந்து படுத்துத் தூங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் கவனிக்காத ஒன்று, கீழ்மூலையில் கடைசிக் கண்ணி ஒரு ஊதாநிறப் பொத்தானில் மாட்டியிருந்தது. கொக்கியக்கா அதை வேண்டுமென்று செய்யவில்லை. அவர் கை செய்தது. இத்தனை வருஷம் எல்லாவற்றுக்கும் செய்ததை இதற்கும் செய்தது. மீன்வலை நாளைக்கு வளர்ந்தால் நாலு வரிசை கூட்டிக் கொடுக்கலாம் என்பதுபோல.

வெள்ளிக்கிழமை காலை பலகையார் வந்தார். கக்கத்தில் காகித அட்டை, சட்டைப்பையில் பூட்டின் புடைப்பு. வலை கடை முகப்பில் திரைபோலத் தொங்கியது. அவர் இரண்டு எட்டு பின்னால் போய்ப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு கிட்ட வந்தார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"இந்த வளைவு வளைவா இருக்கே, இது எதுக்கும்மா?"

"அழகுக்கு சார்."

"யார் பார்க்க? மீனா?"

"அது கடைசியா பார்க்கிறது இதைத்தானே சார்" என்று மீன்காரம்மா தம் கடையிலிருந்து குரல் கொடுத்தார்.

பலகையார் குனிந்தார். "வலைக்குப் பொத்தான் எதுக்கு?"

கொக்கியக்கா அப்போதுதான் அதைப் பார்த்தார். வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "சார், அதைத் தொடாதீங்க" என்று இருவரும் சேர்ந்து சொல்லி முடிப்பதற்குள், எந்தப் பொத்தானைக் கண்டாலும் எல்லோரும் செய்வதை அவரும் செய்துவிட்டார். கழற்றினார். சுருட்டிச் செருகியிருந்த நூல்முனை வெளியே தொங்கியது. அதைப் பிடித்து லேசாக இழுத்தார்.

வந்தது.

நன்றாகப் பின்னிய குரோஷே பிரியும்போது விரலுக்குள் ஒரு சின்னத் துடிப்பு இருக்கும். டுப், டுப், டுப் என்று கண்ணி கண்ணியாக விட்டுக்கொண்டே வரும். அதை ஒரு தடவை உணர்ந்தவர் இரண்டாவது தடவை நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. பலகையாருக்கு அதுவரை வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்ததில்லை போலும். முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்போடு இழுத்தார். ஒரு வரிசை போயிற்று. அடுத்த வரிசை. நூல் காலடியில் விழுந்து குவிந்தது. அவர் பின்னால் நகர்ந்து, சுற்றித் திரும்பி, கை மாற்றி இழுத்தார். மீன் வரிசை முழுக்க வியாபாரத்தை விட்டுவிட்டுக் கண் கொட்டாமல் பார்த்தது. கடைசிக் கண்ணியும் டுப் என்று விட்டபோது கடை முகப்பில் இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன.

அப்போதுதான் அவருக்குத் தாம் ஒரு அதிகாரி என்பது ஞாபகம் வந்தது.

"நான் சும்மா தொட்டேன்" என்றார், அசடு வழிய.

"சார் சும்மா தொட்டதுக்கே இப்படி. ஆய்வு பண்ணியிருந்தா கடையே போயிருக்கும்" என்றார் மீன்காரம்மா.

கொக்கியக்காவுக்குச் சிரிப்பு வெடித்தது. வரிசையே சிரித்தது. பலகையார்கூட ஒரு விநாடி சிரித்துவிட்டு, பிறகு சிரமப்பட்டு முகத்தை நேராக்கினார். "இல்லம்மா. மன்னிக்கணும். வலை இப்படிப் பிரியாது. இது வலை இல்ல."

"இல்லதான் சார்" என்றார் கொக்கியக்கா. சிரிப்பு அடங்கி, காத்திருந்த வருத்தம் இப்போது கண்ணில் வந்து நின்றது. "நான் குழந்தைச் சட்டை பின்றவ. வலை பின்னினது இதுதான் முதல் தடவை. தூரத்துல நின்னு பார்ப்பீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க என்ன பின்றீங்கன்னு எனக்கு வேணாம்மா. பலகையில வலைன்னு இருக்கு. வலைன்னா மீன் பிடிக்கணும், அவ்வளவுதான். பிடிச்சுக் காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லன்னா..." அவர் கை சட்டைப்பைப் பக்கம் போயிற்று. பூட்டு வெளியே வந்தது. பூட்டப் போகத்தான் பார்த்தார், முடியவில்லை. நைலான் நூல் இரண்டு கால்களையும் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில் பக்கத்துக் கடையில் தண்ணீர் தெறித்தது. மீன்காரம்மாவின் அள்ளுவலை முந்தின நாளே பிய்ந்துவிட்டிருந்தது. கைப்பிடியும் இரும்பு வளையமும்தான் மிச்சம். அவர் ஒரு வடிதட்டை வைத்துக்கொண்டு ஒரு கெண்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மீன் ஒவ்வொரு தடவையும் தட்டின் விளிம்பில் ஏறி, யோசித்து, திரும்பக் குதித்தது. "வாயேன்டா, வந்து தொலையேன்" என்று அவர் அதோடு பேசினார். வாடிக்கையாளர் ஒருவர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

கொக்கியக்கா சுவரில் சாத்தியிருந்த வெறும் வளையத்தைப் பார்த்தார். ஒரு கைக்குழந்தையின் தலை எவ்வளவு இருக்குமோ, அதைவிடக் கொஞ்சம் பெரியது.

"அக்கா, அந்தக் கம்பியை இப்படிக் கொடுங்க. சார், நீங்க அசையாம நில்லுங்க, நூல் உங்க கால்லதான் இருக்கு."

நாற்காலியைத் தெருப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நூல்முனையை விரலில் ஒரு வளையமாகச் சுற்றினார், ஊசியை விட்டார். தொப்பி தொடங்குவதும் அப்படித்தான். உச்சியில் ஒரு சின்ன வட்டம், சுற்றுக்குச் சுற்று கண்ணியைக் கூட்டி அகலம், பிறகு கூட்டாமல் நேரே கீழே. தையலும் இல்லை, ஒட்டும் இல்லை, ஒரே சுற்றாகப் போகும். இதற்கு ஓட்டைகள் மட்டும் பெரிசு. அவர் கை வேகத்துக்கு நூல் பலகையாரின் காலிலிருந்து உருவிக்கொண்டு வந்தது.

"சார், கொஞ்சம் வலப்பக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

"இன்னும் ஒரு சுத்து. ஆங், இப்ப இடது காலைத் தூக்குங்க."

தூக்கினார். கையில் பூட்டோடு, ஒற்றைக் காலில், ஒரு நகராட்சி அதிகாரி மெல்லச் சுழன்றுகொண்டிருந்ததை அந்தச் சந்தை வேறெப்போதும் பார்த்ததில்லை. யாரோ டீ கொண்டுவந்து அவர் மற்றொரு கையில் கொடுத்தார்கள். அவர் டீ வாங்கிக் குடிக்காதவர். இன்றைக்குக் குடித்தார்.

"இது தொப்பி மாதிரி இருக்கே" என்றார், கிளாஸை வைத்துவிட்டு.

"தொப்பிதான் சார். உள்ள வேற ஆள்."

பை முழங்கை ஆழத்துக்கு வந்தது. கம்பி வளையத்தைச் சேர்த்துப் பிடித்து, கடைசிச் சுற்றை அதன் மேலாகவே பின்னி இறுக்கினார். கடைசிக் கண்ணி வந்ததும் அவர் கை, பழக்கம் போக மாட்டேனென்று, பொத்தான் டப்பாவைத் தேடியது. வீட்டுக்காரர் டப்பாவை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டார்.

"முடிச்சுப் போடு" என்றார்.

கொக்கியக்கா அவரைப் பார்த்தார். கல்யாணமான வாரத்திலிருந்து நடந்துவந்த வாக்குவாதம் அது.

"இந்த ஒரு தடவைதான்" என்று சொல்லிவிட்டு நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். அவர் மேல் நம்பிக்கையில்லாமல் வீட்டுக்காரர் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

மீன்காரம்மா கையை நீட்டினார். பலகையார் தடுத்தார். "நீங்க வேண்டாம்மா. நீங்க பிடிச்சா அது உங்க கைத்திறமை. பின்னினவங்க பிடிக்கட்டும்."

நியாயம்தான். அவர் சொல்வது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும், அதுதான் தொல்லை. கொக்கியக்கா தொட்டியருகே போய் நின்றார். கெண்டை அடியில் அசையாமல் இருந்துகொண்டு அவரையே பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திற கொக்கி. நீ கண்ணை மூடிக்கிட்டா அது எங்க இருக்குன்னு யார் பார்க்கிறது?"

"திறந்தா அதுவும் பார்க்குதுக்கா."

"பார்த்தா பார்க்கட்டும். நீயும் திருப்பிப் பாரு. உன் கடை வேணுமா, வேண்டாமா?"

அவர் கண்ணைத் திறந்தார். தொட்டியை ஒரு தடவை, பூட்டை ஒரு தடவை, வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்த தம் கடையை ஒரு தடவை பார்த்தார். வலையைத் தண்ணீருக்குள் சாய்த்து விட்டு, மீனின் வாலுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரே வீச்சாகத் தூக்கினார். மீன் உள்ளே இருந்தது. துள்ளியது. மெத்தென்ற பை கூடவே வளைந்து கொடுத்தது. மீன் மறுபடி துள்ளியது, பலகையாரின் முகம், சட்டை, காகித அட்டை எல்லாவற்றையும் நனைத்து ஒரு கை பார்த்தது. முடிச்சுகள் இரண்டும் நின்றன. கொக்கியக்கா வீரிட்டார். அந்தச் சத்தத்தில் பாதி பயம், பாதி சிரிப்பு. ஆனால் கைப்பிடியை விடவில்லை.

வரிசை கைதட்டியது. குடை வைத்திருந்த வாடிக்கையாளர் "அந்த மீனையே கொடுங்க" என்றார்.

பலகையார் நனைந்த காகிதத்தை உதறி, மை பரவப் பரவக் கையெழுத்துப் போட்டார். பூட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, கைகூப்பினார். வருத்தம் தெரிவிக்க இன்றைக்கு எதுவும் இல்லை. "நல்லாப் பிடிக்குதும்மா" என்றார். போகும்போது தன் சட்டையின் மேல்பொத்தானை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிற்பாடு உயிர்மீன் விற்கும் எல்லோரும் அந்த மாதிரி அள்ளுவலை கேட்டார்கள். கடையில் விற்கும் வலை செதிலை உரித்துவிடும், இது மெத்தென்று இருக்கிறது என்றார்கள். அதையும் பின்னிக் கொடுத்தார், முடிச்சுப் போடும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு. பதினேழாம் கடை அவர் பேரிலேயே இருந்தது.

கொக்கியக்கா தம் வாழ்நாளில் பிடித்தது அந்த ஒரு மீன்தான். மற்ற நாளெல்லாம் நூலைப் பின்னினார், விற்றார், அதில் குடும்பத்தை நடத்தினார்.